நாற்பதுக்கு இருநூறு

நீடாமங்கலத்தில் கேட் போட்டால்
என் கடைக்கு ஆள் வரும்.
நிற்கிற வண்டியிலிருந்து யாராவது இறங்கி
அதே கேள்வியைக் கேட்பார்:
டீசலில் டூ-டி ஆயில் ஊற்றலாமா?

ஊற்றுங்கள் என்றால், எவ்வளவு என்பார்.
நாற்பது லிட்டருக்கு இருநூறு மில்லி,
இது யார் சொன்ன கணக்கோ.
வேண்டாம் என்றால்
ஆத்தூர் டிரைவர்கள் ஊற்றுகிறார்களே என்பார்.

கந்தகத்தை எடுக்கப்போய்
வழவழப்பும் கூடவே போயிற்று என்கிறார்கள்.
போனதைத் திரும்பக் கலந்துதான் அனுப்புகிறோம்
என்கிறது கம்பெனி.
நடுவில் நான்,
நாசில் டெஸ்டரின் கைப்பிடியைப் பிடித்தபடி.

தை இருபது. சம்பா அறுப்பு உச்சம்.
கொரடாச்சேரி வசந்தகோகிலம்
பால் கவரில் பன்னிரண்டு நாசில் கொண்டுவந்தார்.
ஆறில் சிவப்பு நெயில் பாலிஷ், ஆறில் நீலம்.
"ரெண்டு மெஷினு. போன தையிலேருந்து
ஒண்ணுல ஊத்துறேன், ஒண்ணுல ஊத்தல.
எது எதுன்னு சொல்ல மாட்டேன்.
பார்த்து நீங்க சொல்லுங்க."

இருபத்தாறு வருஷத் தொழிலில்
யாரும் எனக்குப் பரீட்சை வைத்ததில்லை.

காலண்டர் தாளைக் கீழே விரித்தேன்.
கைப்பிடியை அழுத்த
முள் இருநூற்று நாற்பதில் துள்ளியது.
நல்ல நாசில் கௌதாரிபோலக் கத்தும்.
சிவப்பு ஒன்று கத்தியது. நீலம் ஒன்று கத்தியது.
மார்கழி விடியலை
உள்ளங்கை அகலத்துக்குச் செய்ததுபோல்
தாள்மேல் பனி.
ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லை.
எனக்கு வியர்த்தது.

சிவப்பில் மூன்றாவது மட்டும்
கத்தாமல் சொட்டியது.
கழற்றினேன். ஊசியின் தோளில்
டீக்கறை நிறத்தில் துரு.

"எண்ணெய் எனக்குத் தெரியலம்மா.
தண்ணி தெரியுது.
இந்த மெஷினுக்கு டீசல் பிடிக்கிற பேரல்
எங்க இருக்கு?"

களத்தில். மூடி தொலைந்து
கார்த்திகையிலிருந்து சாக்கு போட்டு மூடியிருக்கிறார்கள்.

மேட்டூரைத் திறக்கச் சொல்லி
மனுமேல் மனு எழுதுகிற ஊர்.
இங்கே ஒரு டம்ளர் போதும்,
எட்டு ஏக்கர் நடுவில் மெஷின் நிற்க,
மேகத்தைப் பார்த்து வயல்காரர் வாய்க்கு வந்தபடி பேச,
மணிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு போய்க்கொண்டிருக்க.

"சிவப்பு எது?" என்றேன்.
"ஊத்தினது," என்றார். "இருமல் மருந்து மூடியால
அளந்து அளந்து ஊத்தினது."
கொஞ்ச நேரம் அந்தத் துருவையே பார்த்தார்.
"அப்ப ஊத்தவா, வேணாமா?"

"பேரலுக்கு ஒரு மூடி வாங்குங்க."

அது பதிலில்லை என்று
இருவருக்கும் தெரியும்.
ரயில் போனது. கேட் திறந்தது.
ஹாரன் சத்தத்துக்குள் அவர் ஸ்கூட்டி நுழைந்தது.

ஏழு மணிக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் நிரப்பினேன்.
அலமாரியிலிருந்து டூ-டி பாட்டிலை எடுத்து
தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டு
ஒரு மூடி ஊற்றினேன்.
அளக்கவில்லை.