தற்செயலாகக் கண்டது

வியாழக்கிழமைகளில் நான் திருகோணமலையில்.
மற்ற நாளெல்லாம் மட்டக்களப்பில்
விரிவுரை, வினாத்தாள், ஆய்வேட்டுத் திருத்தம்.
முப்பத்தொரு கட்டுரைகள்; பாதிக்கு மேல் தோள்மூட்டு.
மனிதரை, முகம் தவிர, எல்லாப் பக்கமும் அறிவேன்.

எம்.ஆர்.ஐ. அறை வாசலில் ஒரு படிவம்.
ஏழாவது கேள்வி:
உடம்பில் உலோகம் ஏதும் உண்டா?
லீட்ஸில் பயின்ற நாளில்
'இல்லை' என்று கீறிவிட்டு
ஈரக்குடையை மூலையில் சாத்தி உள்ளே வருவார்கள்.
இங்கே பேனா நின்றுவிடுகிறது.
"எந்த வருசத்துதைக் கேக்கிறீங்கள்?"
மூதூர்க்காரி ஒருத்தி என்னையே திருப்பிக் கேட்டாள்.

இன்று சவுந்தரநாயகம், ஐம்பத்தெட்டு, திருக்கடலூர்.
கரைவலை இழுத்த வலது தோள், தூக்க ஏலாது.
சட்டை மாட்ட மனுசி வேணுமாம்.
நோவைவிட அதுதான் வெட்கமாம்.
ஏழாவதை வெறுமையாக விட்டிருந்தார்.
எக்ஸ்றே நிரப்பிற்று:
தோட்பட்டைக்குப் பின்னால், நெல்லளவில், மூன்று.

காந்தம் வேண்டாம், ஒலியால் பார்ப்போம்.
ஜெல் குளிரும் என்றேன்.
"கடலை விடவோ?"

பின்னால் மாணவர் மூவர்.
கருவியைச் சற்றே சாய்த்துக் காட்டினேன்:
பாருங்கள், நல்ல தசைநாணும் கறுத்து
அறுந்ததுபோல் தெரிகிறது.
நிமிர்த்தினால் வெளுக்கும்.
சாய்ந்து பார்த்துவிட்டு அறிக்கை எழுதாதீர்கள்.
இருபது வருடமாக இதே வசனம்.
இவருக்கு நிமிர்த்தியும் வெளுக்கவில்லை.
பதினொரு மில்லிமீற்றர்.

பிறகு முதுகுப்புறம்.
ஒவ்வொரு துண்டின் கீழும் ஒரு வெளிச்ச வால்,
வால்வெள்ளிபோல் ஆழத்துக்குள் தேய்ந்து.
பொய்த்தோற்றம், என்றேன்.
அங்கே கோடெதுவும் இல்லை;
இரும்புக்குள் அகப்பட்ட ஒலி
வெளியேற வழியில்லாமல் மோதி மோதித் திரும்புகிறது.
நுஸ்கி குறித்துக்கொண்டான்.
சவுந்தரநாயகம் தலையைத் திருப்பினார்.
"அந்தச் சத்தம் இன்னும் உள்ளுக்கை கிடக்கோ?"
இல்லை ஐயா, இப்ப நாங்கள் அனுப்பினது.
"ஓ" என்றார்.
நம்பினாரா தெரியாது.

அறிக்கையின் அடியில் விரல்கள் பழக்கத்தில் தட்டின:
தற்செயலாகக் கண்டது: உலோகத் துண்டுகள், மூன்று.
முதற்சொல்லை அழித்தேன்.
வேறு சொல் வரவில்லை.
சன்னலுக்கு வெளியே ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த சோற்றுப் பார்சல் தாளை மென்றுகொண்டு நின்றது.
கண்டது, என்று மட்டும் விட்டேன்.
துறைசார் இதழென்றால் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

திரைக்கு அப்பால் அவர்
இடதுகையால் சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.
நுஸ்கிதான் போய்ப் பொத்தான் பூட்டினான்,
ஒருவரும் சொல்லாமலே.
எனக்கு இன்னும் ஒன்பது படங்கள் கிடந்தன.