முப்பது ஜி

டர்பனில் நவம்பர் என்றால்
காற்றையே பிழிந்து கொடியில் போடலாம்.
வெஸ்ட் தெரு
(பெயரை மாற்றி வருடங்களாயிற்று, வாய்தான் மாறவில்லை)
கடையின் மூன்றாம் மாடியில்
ஹேங்கர்களைத் தள்ளிக்கொண்டே போகிறேன்.
டக். டக். டக்.
முப்பத்துநாலு பி. முப்பத்தாறு சி.
முப்பத்துநாலு பி. முப்பத்துநாலு பி.
இந்த ஊரில் எல்லாப் பெண்களும்
முப்பத்துநாலு பி-யாகவே வயதுக்கு வந்து
முப்பத்துநாலு பி-யாகவே எரிகிறார்கள் போலும்.

நான் முப்பது ஜி.
கொடிக்குக் காய் பாரமா என்பார்கள்.
கொடியைக் கேட்டவர் யார்?

"முப்பத்தெட்டு போடுங்கள் மேடம்,
கடைசிக் கொக்கியில் மாட்டினால் சரியாகிவிடும்."
போட்டேன்.
பதினாறு வருடம் போட்டேன்.
பின்பட்டை பிடரியைப் பார்த்து ஏறும்.
தோளில் இரண்டு வாய்க்கால்,
மழையில் நின்றால் தண்ணீர் தேங்கும்.
மெரபேங்கில் மச்சினி கல்யாணத்தன்று
கெட்டிமேளம் கொட்டுகிற நேரம் பார்த்து
கம்பி துணியைக் கிழித்து
ரவிக்கைக்கு மேல் எட்டிப் பார்த்தது.
அதற்கும் தாலி கட்டுவதைப் பார்க்க ஆசை.

சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் சந்தையில்
கத்தரிக்காய்க்கும் மீன் மசாலாவுக்கும் நடுவில்
கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள்.
"ஃப்ரீ சைஸ், சிஸ்டர், ஃப்ரீ சைஸ்!"
யாருக்கு ஃப்ரீ?

பழைய புலவர்கள் மலை என்றார்கள்,
கும்பம் என்றார்கள், யானை மத்தகம் என்றார்கள்.
கச்சு விம்மிக் கிழிந்ததென்று
சந்தோஷப்பட்டு வேறு எழுதினார்கள்.
கிழிந்ததை யார் தைத்தது,
மறுநாள் அவள் எதைக் கட்டிக்கொண்டு
தண்ணீருக்குப் போனாள்,
ஒருவருக்கும் தோன்றவில்லை.

டக். டக்.
தள்ளுபடிக் கம்பியின் கோடியில்,
நைட்டிகளுக்குப் பின்னால்,
ஒன்றே ஒன்று.
முப்பது ஜி.
தோல் நிறம் என்று சீட்டு.
யார் தோல் என்று போடவில்லை.
கை நீட்டினேன்.
அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு கையும்
அதே ஹேங்கரைப் பிடித்திருந்தது.

நர்ஸ் உடுப்பு, நெடுநெடுவென்று உயரம்.
பெயர் ஹ்லெங்கிவே.
எம்பாங்கெனியிலிருந்து இரண்டு டாக்ஸி மாறி வந்தாளாம்.
நான் ஷால்க்ராஸ், ஒரே பஸ்.
தூரத்தைப் பார்த்தால் அவளுக்குத்தான் உரிமை.
ஆனால் நான் விடவில்லை.
அவளும் விடவில்லை.
ஐந்து ராண்ட் காசைச் சுண்டினோம்.
அவள் ஜெயித்துத் திரைக்குள் போனாள்.

வெளியே நின்று, முருகா,
அவளுக்குப் பொருந்தக் கூடாதென்று
வேண்டிக்கொண்டேன்.
வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதிவிட்டேன்.

உள்ளே சத்தமில்லை.
பிறகு ஒரு சிரிப்பு,
குழாய் உடைந்த மாதிரி.
"வா உள்ளே."

சீட்டுதான் முப்பது ஜி.
எங்கோ ஒரு தொழிற்சாலையில்
யாரோ தூக்கக் கலக்கத்தில் மாற்றித் தைத்துவிட்டார்கள்.
அது வேறென்ன,
முப்பத்துநாலு பி.

குறுகின அறை. ஒரு கண்ணாடி.
அவள் தோளிலும் அதே வாய்க்கால்கள்,
என்னுடையதைவிட ஆழம்.
விரலை வைத்துப் பார்த்தேன்.
அவள் என்னுடையதில் வைத்தாள்.
விற்பனைப் பெண் திரையைத் தட்டி
எல்லாம் சரியா என்று கேட்டாள்.
எதுவும் சரியில்லை என்றோம், இரண்டு பேரும்,
ஒரே நேரத்தில்.

லண்டனிலிருந்து வரவழைக்கலாமாம்.
ஆயிரத்து இருநூறு ராண்ட், சுங்கம் தனி.
இரண்டாக வாங்கினால் தபால் செலவில் பாதி மிச்சம்.
என் போனில் அவள் பெயர் முப்பது ஜி.
அவள் போனில் நானும் அதேதான்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை.
மூன்று மாடி.
மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு
பேசிக்கொண்டே இறங்கினோம்,
ஒவ்வொரு படியாக.