பொய்க் கொக்கி

போர்ட்டோ விமான நிலையத்தில்
தொலைந்த பெட்டிகளுக்கு நான்தான் பொறுப்பு.
நிறம் என்ன என்று கேட்பேன்.
கறுப்பு என்பார்கள்.
வேறு அடையாளம்?
சக்கரம் உண்டு என்பார்கள்,
மற்ற பெட்டிகளெல்லாம் தவழ்ந்து வருவதுபோல.

பெல்மீரோ மட்டும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.
தக்கை விற்பவர். ஒயின் புட்டிகளின் வாயை அடைக்க
மாதம் மூன்று நாடு பறப்பவர்.
"தேன் நிறம்" என்றார்.
"புதுத்தேன் அல்ல, சாடியடியில் இறுகியது.
மூலைக்கு மூலை பித்தளைத் தகடு.
குறுக்கே இரண்டு தோல்பட்டை.
உள்ளே நீலக் கோடு போட்ட துணி."

வயது? என்றேன். படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.
தயங்கினார்.
"பார்க்க எழுபது.
வாங்கி மூன்று வாரம்."

அப்புறம் கேட்காமலே சொன்னார்.
நாலு மாதம் தேடினாராம்.
சனிக்கிழமைச் சந்தையில் அசல் ஒன்று,
யாரோ ஒரு கப்பல் அதிகாரியின் தலைப்பெழுத்தோடு.
திறந்தால் பூஞ்சை முகத்தில் இருமியது.
வெறும் பெட்டியே ஐந்து கிலோ,
மலிவு விமானம் தருவதோ பத்து.
"சுண்டைக்காயைவிடச் சுமைகூலி.
பாதி நான் வீட்டிலேயே தங்கவேண்டியதுதான்."
சக்கரமும் இல்லை.
அந்தக் காலத்தில் பெட்டிக்குக் கால் தேவைப்படவில்லை,
பின்னால் ஒருவன் சுமந்து வந்தான்.
அவன் முதுகை எந்த விளம்பரப் படத்திலும்
பார்த்ததில்லை என்றார்.

பேரங்காடியில் இன்னொன்று,
தோல்போல் அச்சடித்த அட்டை.
விடுதிச் சீட்டுகளையும் சேர்த்தே அச்சிட்டிருந்தார்கள்:
போகாத கெய்ரோ, போகாத சூரிச்.
அதைத் தூக்கக் கை கூசியதாம்.

கடைசியில் கிமராய்ஷ் ஊரில் எர்மெலிந்தா.
வாரமெல்லாம் காலணி ஆலை,
ஞாயிறுகளில் பெட்டி.
பாலிகார்பனேட் ஓட்டின்மேல் மெல்லிய தோல்,
இரண்டே முக்கால் கிலோ.
ஐம்பத்தைந்து, நாற்பது, இருபது:
வாசலில் நிற்கும் அந்த இரும்புச் சட்டகத்துக்குள்
மூச்சை அடக்காமல் நுழையும்.
மடிக்கணினிக்கு வெளியே திறக்கும் தனி அறை.
ரிபெய்ராவின் கருங்கல் இறக்கத்தில்
தெருவை எழுப்பாத ரப்பர் சக்கரம்.
கொக்கிகள் எதையும் பிடிப்பதில்லை,
அடியில் காந்தம், அதுதான் மூடுகிறது.
"கொக்கி பொய்" என்றார்,
சீட்டாட்டத்தில் கையைக் காட்டிவிட்டவர்போல.

இத்தனை அளவெடுத்தும்
அன்று விமானம் நிரம்பிவிட்டதென்று
வாசலிலேயே வாங்கிக் கீழே போட்டிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் ஆஸ்லோவிலிருந்து வந்தது.
ஏன் ஆஸ்லோ போனதென்று ஆஸ்லோவுக்கும் தெரியவில்லை.
ஒரு கொக்கி இல்லை.
மூடியில் கோணலாக, நீளமாக ஒரு கீறல்,
தோலைத் தாண்டி வெள்ளை ஓடு தெரிய.

சேதப் படிவத்தை எடுத்தேன்.
கொக்கியை எழுதச் சொன்னார்.
பயன்பாடு என்ற கட்டத்தில் பேனா நின்றது.
எதையும் பிடிக்காத கொக்கிக்கு என்ன போடுவது?
யோசித்தார்.
"கதவைப் பூட்டும் முன் ஒருமுறை அதைப் பார்ப்பேன்.
அதற்கு."
அப்படியே எழுதினேன்.

கீறல்?
நகத்தால் அதன் நீளம் முழுக்க ஓடிப் பார்த்தார்.
"அது வேண்டாம்."
கைப்பிடியில் ஆஸ்லோவின் பட்டைக்குறி.
கிழிக்கப் போனேன். அதுவும் வேண்டாமென்றார்.
பத்து இலக்கம், சில கறுப்புக் கோடுகள்,
போகாத கெய்ரோ இருந்திருக்க வேண்டிய இடத்தில்.
அவரும் ஆஸ்லோ போனதில்லை.
பெட்டி போயிருக்கிறது.

இழப்பீடு பதினொரு யூரோ வந்தது.
மேலதிகாரி அந்தக் கட்டத்தைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார்.
கேள்விக்குறி போடவில்லை.

என் பெட்டி கறுப்பு.
சக்கரம் உண்டு.
அடையாளத்துக்குப் பச்சை நாடா கட்டியிருக்கிறேன்,
போன கோடையில் ஏறத்தாழ முந்நூறு பேர்
கட்டியிருந்த அதே பச்சை.

இன்று வேலை முடிந்ததும்
கிமராய்ஷுக்கு எப்போது ரயில் என்று பார்த்தேன், சும்மா.
ஞாயிறுகளில் குறைவுதான்.
உண்டு.