பச்சைத் தொட்டி வாரம்

பத்தொன்பது வருடம் பேச்சுப் பயிற்சியாளர் வேலை.
பக்கவாதம் வந்தவர்களின் அறுந்த சொற்களை
முடிச்சுப் போட்டுக் கொடுத்துச் சம்பளம் வாங்கினேன்.
ஒரு பிப்ரவரியில், பென்சான்ஸ் மருத்துவமனையில்,
திரு. ட்ரெம்பாத் "க..." என்றார். மறுபடியும் "க..."
"கடலா?" என்று ஜன்னலைக் காட்டினேன்.
தலையாட்டினார். மரியாதைக்காரர்.
மறுநாள் நர்ஸ் சொன்னாள்:
கதவு.
இரவெல்லாம் திறந்தே கிடந்ததாம்.

அந்தக் கதவு வழியாகத்தான்
இந்த வேலைக்கு வந்தேன் என்று
நேர்காணலில் சொல்லவில்லை.
பணமும் தேவைப்பட்டது என்பதையும்.

பயிற்சி, லண்டனில் ஜன்னலில்லாத ஓர் அறை.
நீ சாட்சியின் தோழி அல்ல.
காவல்துறையின் ஆள் அல்ல.
அவர் சொல்வது உண்மையா என்பது உனக்கு வேண்டாத வேலை.
கேள்வி அவரிடம் போய்ச் சேர்ந்ததா,
பதில் வந்த வடிவிலேயே வெளியே வந்ததா,
அவ்வளவுதான்.
"அப்போ நாம யாரு, தபால்காரியா?"
என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.
யாரும் சிரிக்கவில்லை. தேர்வு பாக்கியிருந்தது.

ஜேகோ பெங்கெல்லி. வயது முப்பத்து நான்கு.
ட்ரூரோ நகரின் குப்பை லாரியில் ஒன்பது வருடம்.
மாடியறைக்குக் குடிவந்த நண்பன்
அவர் வங்கி அட்டையில் பதினோரு மாதம் வாழ்ந்தான்.
வாழ்ந்தான் என்பது வழக்கு. திருத்திக்கொள்கிறேன்.

"அட்டையைக் கேட்டது கிறிஸ்துமஸுக்கு முன்னாலா, பின்னாலா?"
"முன்னால," என்றார் உடனே.
"டிரைவர் பக்கத்துல. பின்னால நாறும்."

அறிக்கையில் எழுதினேன்:
முன், பின் என்றால் இவருக்கு லாரி.
எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்வார். அது சம்மதம் அல்ல,
கேள்வி முடிந்தால் போதும் என்கிற ஆசை.
"இல்லையா?" என்று வால் வைத்த கேள்விகள் வேண்டாம்.
ஒரு மூச்சுக்கு ஒரு கேள்வி.
எப்போது என்று தெரிய வேண்டுமானால்
பச்சைத் தொட்டி வாரமா, கறுப்புத் தொட்டி வாரமா
என்று கேளுங்கள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி
கடைசி வரியை இரண்டு முறை படித்தார்.

நிறுத்தச் சொல்லித் தூக்கிக் காட்ட
சிவப்பு அட்டை கொடுத்தேன். வேண்டாம் என்றார்.
தானே ஒன்று வரைந்தார்: கடற்புறா.
"இது வந்தா எல்லாரும் திங்கறத நிறுத்திடுவாங்க."

விசாரணை நாள். புது டை. கழுத்தில் சவரக் காயம்.
வழக்கறிஞர் ஆஷ்பர்னம் நல்லவர்தான்,
நாற்பது நிமிடம் விதிகளை மதித்தார்.
பிறகு பழைய பழக்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது:
"அட்டையை நீங்களே விரும்பிக் கொடுத்தீர்கள்,
ரகசிய எண்ணையும் சொன்னீர்கள், பிற்பாடு
அக்காவுக்குப் பயந்து மாற்றிப் பேசினீர்கள் என்று
உங்கள் முன் வைக்கிறேன்."

ஜேகோ தன் முன்னாலிருந்த மேசையைப் பார்த்தார்.
தண்ணீர்க் குவளை. டிஷ்யூ பெட்டி.
வேறெதுவும் வைக்கப்படவில்லை.
அவர் வாயில் "ஆ" திறந்தது.

அந்த "ஆ" எங்கே போகுமென்று எனக்குத் தெரியும்.
தெரியுமா?
ட்ரெம்பாத்தின் "க"வும் தெரியும் என்றுதான் இருந்தேன்.
கையைத் தூக்கினேன்,
அது பாதி வழியில் இருக்கும்போதே
கடற்புறா எழுந்துவிட்டது.

"ரொம்ப நீளம்," என்றார் ஜேகோ.
"அதுல மூணு இருக்கு."

நீதிபதியின் உதடு அசைந்து எண்ணியது.
"மூன்றுதான், திரு. ஆஷ்பர்னம். ஒவ்வொன்றாக."

முதலாவதற்கு, இல்லை.
இரண்டாவதற்கு, ஆமாம். அரசுத் தரப்பு பேனாவை மூடியது.
மூன்றாவதற்கு வெகுநேரம் ஒன்றுமில்லை.
யாரோ இருமினார்கள்.
அந்த மௌனத்தை முடித்துக் கொடுத்துவிடாமல்
உள்ளங்கையில் நகம் பதிய உட்கார்ந்திருந்தேன்.
"அக்காகிட்ட எப்பவுமே பயம்தான்.
அதுக்காக மாத்திச் சொல்லல."

தீர்ப்பை எனக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம்
யாருக்கும் இல்லை. நானும் கேட்கவில்லை.
கேட்டேன். எழுத்தர் விடுப்பில் இருந்தார்.

இரவு ரெட்ரூத்தில், எங்கள் தெருவில்
எல்லார் வாசலிலும் பச்சை.
எங்களுடையதைத் தள்ளிக்கொண்டு போய் வைத்தேன்.
உள்ளே கணவர்,
"இன்னைக்கு எப்படி இரு..." என்று ஆரம்பித்து
கொட்டாவி விட்டார்.

காத்திருந்தேன்.