கொள்ளளவு

தேஜ் விட்டுப்போனவை ஒரு குடை,
பாதி தீர்ந்த பற்பசை,
காயா ஜாடியில் ஒரு சண்டை மீன்.
பெர்மிட் முடிந்து ஊருக்குக் கிளம்பிய காலையில்
காவல் குடிலின் சன்னலில் மூன்றையும் வைத்து
“அபாங், இதுக்கு அதிகம் தேவையில்லை” என்றான்
உடைந்த மலாயில்.
மீனைச் சொல்கிறான் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நான் லிப்ட் பழுது பார்ப்பவன்.
ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளில்
பதினாறு வருடமாகப் பெட்டிகளுக்குள் நின்றிருக்கிறேன்.
எட்டுப் பேர், ஐந்நூற்றைம்பது கிலோ
என்று தகட்டில் போட்டிருக்கும்.
ஒன்பதாவது ஆள் ஏறினால் மணி அலறும்.
ஜாடியில் அலற எதுவும் இல்லை.
மீன் திரும்பும்போதெல்லாம் வால் மடங்கியது,
சட்டைப்பையில் திணித்த கைக்குட்டை மாதிரி.

சனிக்கிழமை, ஜெலுத்தோங்கில் தியோவின் கடை.
குடியிருக்கப் போவது அதுதானே என்று
மீனையும் கூட்டிப்போனேன்.
அலமாரி முழுக்கப் பாட்டில் பாட்டிலாகச் சண்டை மீன்கள்,
இடையிடையே அட்டைத் தடுப்பு.
தியோவின் மகன் ஒரு தடுப்பை உருவினான்;
இரண்டு பக்கமும் செவுள்கள் குடை விரித்தன.
திரும்பச் செருகினான். சமாதானம்.

முதலில் உருண்டைக் கிண்ணம்.
தூக்கிப் பார்த்தேன்:
அந்தப் பக்கம் நின்ற தியோ
வெறும் மூக்காக இருந்தார்.
நாளெல்லாம் அப்படி ஓர் உலகத்தை யார் பார்ப்பது?

அடுத்து உயரமான ஜாடி.
அடியில் ஊதா விளக்கு, மேலே மூங்கில் செடி வைக்கலாமாம்.
அழகுதான்.
ஆனால் செவுள் மட்டும் போதாத மீன் இது,
அடிக்கடி மேலே வந்து
ஒரு வாய் காற்றை அள்ளிப் போகும்.
அந்த நீள வாலை இழுத்துக்கொண்டு
அந்த உயரமா?
லிப்ட் நின்ற ஒரு நாளில்
பதினேழாம் மாடிக்கு எரிவாயுத் தோம்பு சுமந்தானே
மளிகைக்கடைப் பையன்,
அவன் கெண்டைக்கால்கள் நினைவுக்கு வந்தன.
அன்று தாமதமாய்ப் போனவன் நான்.
“வேண்டாம்” என்றேன்,
தேவைக்கு மேல் சத்தமாக.

கடைசியில் கீழ்த்தட்டில், தூசிக்குள்:
ஒன்றரை அடி நீளம், முக்கால் அடி அகலம்,
உயரம் என் சாணுக்குச் சற்றே குறைவு.
மூலையில் கீறல், அதற்காகப் பத்து வெள்ளி கழிவு.
மூடி வேணும் என்றார் தியோ.
“துள்ளும். பயத்தில் இல்லை. சும்மாவே.”

எங்கள் புளோக் லிப்டில்
தொட்டியைக் காலடியில் வைத்து
ஜாடியை நெஞ்சோடு பிடித்திருந்தேன்.
பின்சுவரில் ஆளுயரக் கண்ணாடி,
பெட்டி சின்னது என்று ஏறுபவருக்குத் தோன்றக்கூடாதென்று
நானே திருகி மாட்டியது.
மீன் அதைப் பார்த்துவிட்டது.
நிறம் கறுத்து, செவுள் விரித்து
பதினோராம் மாடிவரை
தன்னோடு சண்டையிட்டுக்கொண்டே ஏறியது.
மூன்றாம் மாடியிலேயே திரும்பி நின்று
முதுகால் மறைத்தேன். அது நம்பவில்லை.

குளோரின் போக ஒரு நாள் நீர் வாளியில் கிடந்தது.
கார் நிறுத்தத்தில் பொறுக்கிய கெத்தாப்பாங் சருகு
தேநீராய்க் கசிந்தது.
விட்டேன்.
மூன்று நாள் அது ஒரே மூலையில்
ஜாடி அளவுக்கே வட்டமடித்தது.
நான்காம் நாள் சருகின் அடியில்
நுரைக்கூடு கட்டியிருந்தது,
யார் வருவார் என்றோ.

படம் பிடித்துத் தேஜுக்கு அனுப்பினேன்.
ஒற்றைக் குறியோடு நிற்கிறது.
அது இங்கத்து எண்.

காலையில் இறங்கினால், குடிலில் புது ஆள்.
முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்தான்.
அளவு நாடா என் இடுப்பில்தான் இருந்தது.
நாலடிக்கு மூன்றரை.
சுவரில் தகடு எதுவும் இல்லை.
என்ன அளக்கிறீர்கள் என்று கேட்டான்.
சும்மா, என்றேன்.