அளக்காத இடத்தின் நிறம்

ஒட்டுசுட்டான் கிணறுகள் நாற்பத்தொன்றும்
முதல் ஓட்டத்தில் வடதுருவத்துக்குக் கிட்ட
பனிக்கடலுக்குள் விழுந்தன.
அகலாங்கும் நெட்டாங்கும் இடம்மாறிய கோப்பு.
கரைசேர்க்க ஐந்து நிமிடம்.

பிறகு எழுத்து.
கொக்காவில் என்று கொடுத்தால்
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் ஆளில்லாத புள்ளி வட்டம்.
மென்பொருளை எழுதியவருக்கு
உயிர்மெய் என்றால் என்னவென்று யாரும் சொல்லவில்லை.
அவரில் பிழையில்லை. சும்மா தந்தவர்,
வயிற்றைத் திறந்து பார்க்கவும் விட்டவர்.
எழுத்தடுக்கும் நூலகம் ஒன்றை இடையில் செருகினேன்.
கிளிநொச்சியில் கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது.
மூன்றாம் தரம்
கொக்காவில் கொக்காவிலாய் நின்றது.

மத்தியானம்
வன்னி முழுக்க ஒரே மஞ்சள்.
துணுக்காய்க்கும் தர்மபுரத்துக்கும்
உப்பில் வித்தியாசமே இல்லையாம்.
நிறப்பட்டையின் அடியில் பார்த்தால்
கழித்தல் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
"இதென்ன அண்ணை, இப்பிடி ஒரு உப்பு?"
கோகுலதாஸ் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்:
"அது உப்பில்லைத் தங்கச்சி. அங்க நான் போகேல்ல.
சிவப்புப் பலகை. வெடி எடுக்கிறவை இன்னும் விடேல்ல.
படிவத்தில வெறுமையா விட்டால் திருப்பி அனுப்புவினம்,
அதுதான்."

ஒரு வரி போதும்: அந்த எண்ணை எண்ணாய் எடுக்காதே.
போட்டேன்.
நிறங்கள் பிரிந்து வந்தன.
குளத்தடி நீலம், பரந்தன் பக்கம் செம்மண்.
அழகென்றால் அழகு.
அந்த அழகுதான் பிழை.
அளந்த கிணறுகளின் நடுவே கிடந்த ஓட்டையை
அயலட்டையில் விசாரித்து
தானே நிரப்பியிருந்தது மென்பொருள்,
நல்ல தண்ணி நீலத்தால்,
சிவப்புப் பலகைக்கு அங்கால்,
எந்த வாளியும் இறங்காத இடத்தில்.

திங்கட்கிழமை இந்தப் படத்தை விரித்து
எங்கே குழாய்க்கிணறு, எங்கே வீட்டுத்திட்டம் என்று
பேனையால் வட்டம் போடுவார்கள்.
நீலத்தில் போடுவார்கள்.

உள்ளே இறங்கினேன்.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரிக்கு மேலே
ஆரோ ஒருவர் ஒன்பது வருஷத்துக்கு முன்
எழுதிவைத்துப் போன குறிப்பு:
தூரம் கூடினால் ஊகிக்கக் கூடாது. யாராவது பிறகு பார்க்கவும்.
வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலரை.
யாராவது என்றால் நான்தான் போல.

ஒவ்வொரு புள்ளியும் முதலில் கேட்கட்டும்,
எனக்குக் கிட்ட அளந்த கிணறு எது?
இரண்டு கிலோமீற்றருக்குள் இல்லையென்றால்
வாயை மூடு.
வெள்ளையாய் விட்டிருக்கலாம்.
வெள்ளையைக் கடதாசி என்று நினைப்பார்கள்.
சாய்கோடு இழுத்தேன். பக்கத்தில்
'அளக்கவில்லை' என்று ஒரு சொல்,
கொம்பு கால் உடையாமல்.

மூலத்துக்கு அனுப்புவதென்றால்
சோதனை ஒன்றும் சேர்க்கவேண்டும்.
சின்னத் தரவு: ஏழு கிணறு,
ஆறுக்கு எண், ஒன்று வெறுமை.
"ஏழாவதுக்கு என்ன பேர் வைக்கிறது?"
கோகுலதாஸ் யோசிக்கவில்லை.
"எங்கட வளவுக் கிணத்தைப் போடுங்கோ.
இருபத்தாறடி. கல்லுக் கட்டு.
மிச்சம் தெரியாது."

இனி எந்த நாட்டில் எவர் அந்த நிரலைத் தொட்டாலும்
ஒருதரம் அவருடைய வளவுக்குப் போய் வரவேண்டும்.
அங்கே எதுவும் வரையப்படவில்லை என்று கண்டால்தான்
பச்சை எழுத்தில் 'சரி'.

ஒருநாள் பலகையைப் பிடுங்கிவிடுவார்கள்.
வாளி இறக்கி, ஒரு எண்ணோடு
அவர் வந்து நிற்கக்கூடும்.
படத்தில் போடுவோம்.
சோதனையில் மட்டும் ஒருவரும் கை வைக்கக்கூடாது
என்று மேலே ஒரு குறிப்பு எழுதினேன்.
ஏன் என்று எழுதத் தொடங்க
மூன்றாந்தரம் கரண்ட் போனது.