நாற்பத்தேழாம் பந்தி

டண்டினோங் நூலகத்தின் மேல்மாடி.
ஜெனீவாவிலிருந்து வந்தவருக்குத் தண்ணீர்ப் போத்தல்,
சாட்சிக்கு ஆறு நிமிடம்,
எனக்கு இரண்டு மொழி.

தவபாலன் பஸ் ஓட்டுகிறவர். சொன்னார்:
"மூஞ்சையில துப்பிப்போட்டு இறங்கிப் போட்டான்.
கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டுத்தான்
பஸ்ஸை எடுத்தனான்.
ரெண்டு நிமிசம் பிந்திப்போச்சு.
அந்த ரெண்டு நிமிசத்துக்குத்தான்
டிப்போவில கடிதம் தந்தவங்கள்."

துப்பியதை மொழிபெயர்த்தேன்.
கடிதத்தை மொழிபெயர்த்தேன்.
உன் நாட்டுக்குப் போ என்றதை மட்டும்
அவரே ஆங்கிலத்தில் சொன்னார்,
துப்பியவனின் உச்சரிப்பு பிசகாமல்.

வந்தவர் குறிப்பெடுத்தார்.
ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'உம்' என்றார்.
கதை கேட்கிறவர்கள் எந்தத் தேசத்திலும்
உம் கொட்டத்தான் செய்கிறார்கள்.

பதினான்கு மாதம் கழித்து அறிக்கை வந்தது.
ஸ்டேஷன் வாசலில், அவருடைய தேநீர் இடைவேளையில்,
போனில் தேடித் தமிழாக்கி வாசித்தேன்:
"பொதுப் போக்குவரத்து ஊழியர்களும்
இத்தகைய சம்பவங்களைத் தெரிவித்தனர்."

"இதில நான் எங்கை?"

ஊழியர்களில் ஒருவர் என்று சொல்ல வாயெடுத்தேன்.
எச்சில் இல்லை, கண்ணாடி இல்லை,
அந்த இரண்டு நிமிடத்தைக் காணவே இல்லை.
ஊழியர்கள் வேறு யாரோ.
கடைசியில் ஒட்டியிருக்கிற அந்த 'உம்'
அதுதான் நீங்கள், என்றேன்.

தேநீர்க் கோப்பையின் மூடியை
அழுத்தி அழுத்திப் பார்த்தார்.
"உம்."

ஆசனத்தைச் சுற்றிப் புதிதாகப் பூட்டிய பிளாஸ்டிக் கதவு
கொழுவாமல் இரண்டு தரம் அடித்தது.
ஏறுகிற ஒவ்வொருவருக்கும் காலை வணக்கம் சொன்னார்.
நேரத்துக்கு எடுத்தார்.